பழைய காரில் நான்கு ஊர்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் பிரான்சிடமிருந்து இந்தியாவிடம் வந்த நான்கு துண்டுகளில், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையிலும், மாஹே கேரளத்தின் மேற்குக் கரையிலும், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரியின் கிளையான கௌதமியின் கரையிலும் கிடக்கின்றன. வண்டிப் பதிவெண்களில் PY என்னும் எழுத்துகளை அடுத்து வரும் 01, 02, 03, 04 ஆகிய எண்கள் இந்த நான்கு ஊர்களையும் இதே வரிசையில் குறிக்கின்றன. புதுச்சேரி நகரிலிருந்து காரைக்கால் சுமார் 130 கி.மீ. தொலைவிலும், மாஹே 600 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவிலும், ஏனாம் 800 கி.மீ.க்கு அப்பாலும் உள்ளன. ஆகவே பழைய வண்டியில் நெடும்பயணம் செய்ய விரும்பும் ஒருவர் சிறிதிலிருந்து பெரிதுக்குப் படிப்படியாக ஏறிச் செல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு தென்னிந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம்.

புதுச்சேரி நகரத்துக்கு நெடுந்தரைவழிப் பயணம் புதிதன்று. 1968 பிப்ரவரி 28 அன்று அதன் அருகே ஆரோவில் தொடங்கப்பட்ட மறு ஆண்டே, அங்கே குடியேற விரும்பியவர்கள் பாரிஸிலிருந்து வண்டித் தொடராகத் தரைவழியே வந்து சேர்ந்தனர். அவர்கள் தங்குவதற்காக எழுந்த குடியிருப்பே ஆஸ்பிரேஷன். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஐரோப்பாவையும் இந்தியாவையும் இணைத்த அந்தப் பாதை, ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் நிகழ்ந்த 1979-க்குப் பின் பொதுப் பயணிகளுக்கு ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது. இன்றும் எல்லை கடக்க விரும்புவோருக்கு, வண்டியைத் தற்காலிகமாக வரியின்றிக் கொண்டுசென்று திருப்பிக் கொண்டுவருவதற்கான உறுதிப்பத்திரமாகிய ‘கார்னே’யும், ஓராண்டு செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவைப்படும். அந்தப் பெரும்பயணத்தை எண்ணுவோரும் முதலில் இந்த நான்கு ஊர்களைச் சுற்றிவருவதே முறை. ஏனெனில் பழைய வண்டியின் குணம் பட்டறை வாசலில் நிற்கும்போது தெரிவதில்லை, மூன்றாம் நாள் வெயிலில்தான் தெரியவரும்.

இவ்வியலில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் வண்டி அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்த இந்தக் கார், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. உதிரிகளும் அதன் நெளிவுசுளிவு அறிந்த கைகளும் இன்னும் கிடைக்கும் ஒரே காரணத்தால், முதல் நெடும்பயணத்துக்கு இதுவே ஏற்றது. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வண்டிகளுக்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஆவணங்கள்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவுச் சான்று, அதாவது வழக்கில் ஆர்.சி. புக் எனப்படுவது, முதற்பதிவிலிருந்து 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டித் தகுதி உறுதியான பிறகே, ஐந்தைந்து ஆண்டுகளாக அதைப் புதுப்பிக்க இயலும். இந்தப் புதுப்பிப்பை முடிக்காமல் மாநில எல்லையைக் கடப்பது, வண்டியைப் பிறிதொரு மாநிலக் காவல் நிலையத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்புவதற்கு அணியமாவதற்கு ஒப்பாகும். காப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். புகைச் சான்று, பி.எஸ். 4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமே செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளின் உரிமையாளர்கள் ஒரு செய்தியைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிகள், மூலவடிவம் மாறாத அத்தகைய வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ என்னும் தனிப்பதிவையும் VA எழுத்துகள் கொண்ட எண்ணையும் வழங்குகின்றன; பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். பெருமைக்காக அந்த எண்ணைப் பெறுவோர் நெடும்பயணத்துக்கான வாயிலைத் தாமே அடைத்துக்கொள்கின்றனர். ஊர் சுற்ற விரும்பும் வண்டிக்கு வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் அறிவுடைமை.

புதுச்சேரி எண் கொண்ட வண்டிகளை மதுவுக்காகத் தமிழ்நாட்டு எல்லைச் சாவடிகளில் சோதிப்பது வழக்கம். பழைய காரின் பெரிய டிக்கி சோதிப்பவரின் கண்ணில் முதலில் படும். ஒரு போத்தலும் இல்லாமல் புறப்படுவதே பயணத்துக்கு நல்லது.

வண்டியை ஆயத்தப்படுத்தல்

புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டு நிம்மதியடைவது மிகப் பரவலான தவறு. புதிதாக மாட்டிய ஒவ்வோர் உறுப்பும் இன்னும் சோதிக்கப்படாத உறுப்பே. இன்று பழங்கார்களுக்குச் சந்தையில் வரும் உதிரிகளின் தரமும் ஒருசீராக இல்லை. ஆகவே பட்டறை வேலைகள் அனைத்தும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிட வேண்டும். உடன் கொண்டுசெல்லும் மாற்று உதிரிகளையும் வாங்கியபடியே டிக்கியில் போட்டுவைக்காமல், வண்டியில் மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, வேலை செய்கிறது என்று கண்டபின் கழற்றி எண்ணெய்த் தாளில் சுற்றிவைத்தால், இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவை ஏமாற்றா.

கடலோர நகரத்து வண்டிக்குத் தொடக்கச் சோதனை எஞ்சினில் அன்று, உடலில் நடக்க வேண்டும். உப்புக் காற்று கதவுகளின் கீழ்விளிம்பு, தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்கத் தட்டு ஸ்பிரிங்குகள் தொங்கும் தாங்கிகள் ஆகிய மறைவிடங்களை உள்ளிருந்து தின்னும். மேலே புதுப் பெயிண்ட் பளபளத்தாலும் திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்கும் இடம் எங்கேனும் இருந்தால், டிங்கரிங் எனப்படும் தகட்டு வேலையை முடிக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஆள்களும் சுமையும் ஏறிய நிலையில் ஸ்பிரிங் தாங்கி பெயர்ந்தால் பின்னச்சே திரும்பிவிடும். எஞ்சின் நின்றுபோவது அதனோடு ஒப்பிட்டால் சிறு தொல்லை.

அடுத்தது பிரேக். பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. சுழலும் உருளைக்குள் இரண்டு லைனர் கட்டைகள் விரிந்து உரசிச் சக்கரத்தை நிறுத்தும் அமைப்பு அது. தொடர் இறக்கத்தில் இவ்வுருளை சூடேறி விரிவதாலும் லைனரின் பிடிப்பு குறைவதாலும், மிதி கீழே போகப்போக வண்டி நிற்காமற்போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதுச்சேரி போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊரில் பல ஆண்டுகள் மாற்றப்படாத ஆயிலில் கலந்த நீர், சூட்டில் ஆவியாகி அதே விளைவை உண்டாக்கும். ஆயிலை முழுவதும் வடித்துப் புதியது நிரப்பி, சக்கர சிலிண்டர்களின் ரப்பர்களை மாற்றி, இறக்கங்களில் இரண்டாம் கியரில் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டால் இந்த இடர் பெரும்பாலும் நீங்கும்.

எரிபொருள்தான் இக்காலத்துப் பழங்கார் உரிமையாளரின் பெருங்கவலை. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுதும் நிறுத்தப்பட்டபோது, பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும் என்று அஞ்சி, கடினப்படுத்திய இருக்கைகளைப் பலர் பொருத்திக்கொண்டனர். இப்போது வந்திருப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட எரியாற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும், அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வையும் கார்ப்பரேட்டர் பேக்கிங்குகளையும் எத்தனால் ஊறவைத்துப் பிளப்பதும், ஈரத்தை ஈர்த்து டேங்கின் அடியில் நீரைச் சேர்ப்பதும், பல்லாண்டுத் துருவைக் கரைத்து ஜெட்டுகளில் கொண்டுவந்து அடைப்பதும் பொறுக்கத்தக்கவை அல்ல. குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும் வடிகட்டி ஒன்றைப் பம்ப்புக்கு முன் பொருத்த வேண்டும். காற்று மிகுந்த கலவையால் எஞ்சின் சூடேறாதவாறு கார்ப்பரேட்டரைச் சற்றே பெட்ரோல் மிகுதியாக அமைக்க வேண்டும். பயணம் முடிந்தபின் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது.

இதனோடு சேர்ந்தது ‘வேப்பர் லாக்’ எனப்படும் ஆவியடைப்பு. எஞ்சினின் பக்கவாட்டில் அமர்ந்துள்ள பம்ப்பு சூடேறும்போது குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட, பம்ப்பு திரவத்தை இழுக்க முடியாமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சுங்கச்சாவடி வரிசையிலும் நகர நெரிசலிலும் இது மிகுதி. பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றி அரைமணி நேரம் காத்திருப்பது பழைய டாக்ஸி ஓட்டுநர்கள் கடைப்பிடித்த வழி, இன்றும் பலிக்கும். குழாயைப் புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து விலக்கி, வெப்பம் தடுக்கும் உறையிட்டு நடத்துவது அதைவிட நிலையான தீர்வு. டீசல் அம்பாசடரில் இச்சிக்கல் எழாது. அதற்குப் பதிலாக, குழாயில் காற்று புகுந்தால் பம்ப்பின் திருகைத் தளர்த்திக் ‘காற்றெடுக்க’ ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டரில் கடலோரத்து உவர்நீரை ஊற்றாமல், வடிநீரும் கூலண்டும் கலந்து நிரப்புவது கட்டாயம். மின்னமைப்பில் மிகுதியாகத் தொல்லை தருபவை பிளாட்டினம் பாயிண்ட்டும் கண்டென்சரும்; பட்டறைகள் பிளாட்டினம் என்றழைக்கும் அந்தத் தொடுமுனை, தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்துவது, அதனோடு இணைந்த கண்டென்சர் பழுதானால் சில நிமிடங்களில் கருகிவிடுவது. இவ்விரண்டும், ரோட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர்க் குழாய்கள், பம்ப்பு சவ்வு, சக்கர சிலிண்டர் மற்றும் கிளட்ச் சிலிண்டர் ரப்பர்கள், ஒரு டியூப், பல்புகள், ஃபியூஸ், கம்பி, பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், பத்து லிட்டர் நீர், இழுகயிறு, மணலில் புதையாதிருக்க ஜாக்கியின் கீழ் வைக்க ஒரு பலகை ஆகியவை டிக்கியில் இருந்தால் போதும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதை மட்டும் புறப்படும் அன்று காலையில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவம்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மாஹேயையும், வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்ற மூன்று ஊர்களையும் தாக்குவதாலும், ஏப்ரல், மே மாதங்களில் ஆந்திரக் கரையின் வெப்பம் பழைய ரேடியேட்டருக்கு ஏற்காததாலும், பொங்கல் நெரிசல் முடிந்தது முதல் மார்ச் நடுப்பகுதி வரையுள்ள காலமே எஞ்சுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் மாவட்டத்தின் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே துண்டித்தது. தாழ்வான டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட வண்டி அத்தகைய நீரில் இறங்கக் கூடாது.

மூன்று வழிகள்

வழியைத் தேர்வதில் இக்கால வழிகாட்டிச் செயலிகள் நேரத்தை அளவுகோலாகக் கொள்கின்றன. பழைய வண்டிக்கு அது பொருந்தாது; அந்த வண்டியில் எந்த உறுப்பு மிக வலுவற்றதோ அதற்கு உகந்த சாலை எது, அது பழுதானால் சரிசெய்யத் தக்க பட்டறை எங்குள்ளது என்னும் இரண்டு கேள்விகளே வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

காரைக்கால் பயணம் ஒரு வெள்ளோட்டம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகச் செல்லும் இச்சாலை ஏற்ற இறக்கமற்றது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் பாலங்களைக் கடப்பது. போகும் வழியில் எங்கும் ஆயிலோ நீரோ நிரப்பாமல், காரைக்காலை அடைந்து எஞ்சின் ஆறியபின் இரண்டின் அளவையும் குறித்து, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. திரும்பி வந்து அதைச் சரிசெய்து, மறுபடி ஒருமுறை காரைக்கால் சென்றுவந்த பின்னரே மாஹேயைப் பற்றி எண்ண வேண்டும்.

மாஹே செல்வோர் புதுச்சேரியின் இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து மேற்கே திரும்பி, வில்லியனூர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலத்தை அடைந்து முதல் இரவைக் கழிக்கலாம். அங்கிருந்து மைசூர் சென்று வயநாடு வழியாக இறங்குவது கண்ணுக்கு விருந்தாகும் பாதை எனினும், தாமரைச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டையூசி வளைவுகளும் டிரம் பிரேக்குக்குச் சோதனை. பந்திப்பூர்க் காட்டுச் சாலையோ இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதால், வழியில் தாமதமாகும் வண்டிக்கு அது பொறி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த அகன்ற இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றால், சுரம் ஏதும் ஏறாமலேயே கேரளத்தில் இறங்கிவிடலாம். அதைவிடப் பெரிய நன்மை, சேலம், சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி, கோயம்புத்தூர் என்னும் தொடரே லாரித் தொழிலும் வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் நெருங்கிய நிலம் என்பது. கிடைக்காத உதிரியைக் கடைந்தே கொடுக்கவல்ல கைகள் அங்கே உள்ளன. கார்ப்பரேட்டரைக் கண்டிராத இளைய மெக்கானிக்குகள் பெருகிவிட்ட காலத்தில், புதுக்கார் சேவை மையங்களைத் தவிர்த்து, பழைய டாக்ஸி நிறுத்தத்திலோ லாரிப் பட்டறையிலோ விசாரிப்பதே விரைவில் பலன் தரும்.

கோயம்புத்தூரில் இரண்டாம் இரவும், பாலக்காடு, பெரிந்தல்மண்ணை, மலப்புறம் கடந்து கோழிக்கோட்டில் மூன்றாம் இரவும் தங்கினால், வடகரை வழியாக நான்காம் நாள் முற்பகலில் மாஹேயை எட்டலாம். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட தலச்சேரி–மாஹே புறவழிச்சாலை ஊருக்குள் நுழையாமலே கடந்துவிடும். ஒன்பது சதுர கிலோமீட்டரே பரப்புள்ள மாஹேயைத் தவறவிடாதிருக்க, அழியூரில் புறவழியில் ஏறாமல் பழைய சாலையிலேயே செல்ல வேண்டும். கேரளத்தைவிட இங்குப் பெட்ரோல் விலை குறைவு என்பதால் பங்க்குகளில் நீண்ட வரிசை நிற்கும். டேங்கை நிரப்பிக்கொள்வது சரி. கேன்களில் பிடித்து டிக்கியில் வைப்பது, சூடேறும் பழைய வண்டியில் தீயை உடன் கொண்டுசெல்வதாகும்.

ஏனாம் பயணம் இவற்றுள் கடினமானது. தூரத்தைவிட அங்குள்ள வேகமே அதற்குக் காரணம். திண்டிவனம் வழியாக வண்டலூர் சென்று, சென்னை நெரிசலுக்குள் புகாமல் வெளிவட்டச் சாலையில் வடக்கே திரும்பி, கொல்கத்தா நெடுஞ்சாலையை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 16-ஐப் பிடிப்பது முறை. ஸ்டாண்டர்டு கார்கள் ஒருகாலத்தில் உருவானது இந்த வண்டலூர்ப் பக்கத்தில்தான் என்பதைப் பழங்கார் அன்பர்கள் நினைவுகொள்ளலாம். உதிரி ஏதேனும் விடுபட்டிருந்தால், சென்னைக்குள் சென்று புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடுவதற்கு ஒருநாள் ஒதுக்குவதும் வீண்போகாது. நெல்லூர், ஓங்கோல் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகள் 100 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது, 60 முதல் 65 கி.மீ.க்குள் இடப்புறத்திலேயே செல்லும் ஓட்டுநருக்குத் தம் பின்விளக்குகளே காப்பு. மங்கலான பழைய விளக்குகளுக்கு ரிலே வைத்து முழு மின்னழுத்தம் கிடைக்கச் செய்வதோடு, பொழுது சாய்ந்தபின் ஓட்டாதிருக்கவும் வேண்டும். விடியலில் புறப்பட்டு முற்பகல் பதினொரு மணிக்குள் பெரும்பகுதி தூரத்தை முடித்து, வெயில் தணிந்தபின் மீதியை ஓட்டும் பழக்கம் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் ஒருங்கே உகந்தது.

ஓங்கோலில் இரண்டு வழி பிரியும். கடலோரமாக மசூலிப்பட்டினம், நரசாபுரம், அமலாபுரம் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 216, கௌதமிப் பாலத்தைக் கடந்து நேரே ஏனாமுக்குள் இறக்கிவிடும். டெல்டாவின் தென்னந்தோப்புகளும் கால்வாய்களும் அதன் சிறப்பு. போகும்போது அதைத் தவிர்த்து, விஜயவாடா, ஏலூர், ராஜமகேந்திரவரம் வழியைக் கொள்வதே நலம். விஜயவாடாவின் ஆட்டோ நகர், ஆயிரக்கணக்கான வண்டிப் பட்டறைகள் ஓரிடத்தில் திரண்ட பேட்டை. புறப்பட்ட ஊரிலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. ஓடிய வண்டி தன் குறைகளைக் காட்டத் தொடங்கும் இடத்தில் அது அமைந்திருப்பது பெரும்பேறு. பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அரைநாள் நின்று, ஆயில் மாற்றி, வால்வு இடைவெளியும் பிளாட்டினமும் சரிபார்த்து, பிரேக்கை இறுக்கிக்கொண்டு செல்ல வேண்டும். டெல்டாச் சாலையைத் திரும்பும் பயணத்துக்கு, அதுவும் போகும்போது வண்டி ஒருமுறைகூட நிற்காதிருந்தால் மட்டும், வைத்துக்கொள்ளலாம்.

ஏனாமிலிருந்து திரும்பிய வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல், அடிப்பகுதியை நன்னீரால் கழுவி உலரவிட்டு, டிரம்களைத் திறந்து தூசி துடைத்து, டேங்கில் எஞ்சிய பெட்ரோலை ஓட்டித் தீர்த்து, வழியில் மாட்டிய ஒவ்வோர் உதிரியின் பெயரையும் ஓடிய தூரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கு டிக்கியில் எவை ஏற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.